அந்தப் பாட்டு அவங்களுக்கே பிடிக்கலையாம்

போன செமஸ்டர் லீவுல ஊருக்குப் போயிருந்தேன். பாட்டி முருங்கைக்கீரை ஆய்ஞ்சுக்கிட்டே ஒரு பழைய பாட்டை முணுமுணுத்துக்கிட்டு இருந்தாங்க. 1957-ல வந்த 'ஆரவல்லி' படத்துல ஏ.எம்.ராஜாவும் ஜிக்கியும் பாடினது. "பாட்டி, இது இங்கிலீஷ் பாட்டு"ன்னேன். "போடா, இது ஜி.ராமநாதன் பாட்டு"ன்னுட்டாங்க. ரெண்டு பேர் சொன்னதும் சரிதான். மெட்டு மட்டும் அமெரிக்காவுல இருந்து வந்தது. அதுக்கு முந்தின வருஷம், 1956-ல், ஹிட்ச்காக்கின் 'தி மேன் ஹூ நியூ டூ மச்' படத்தில் டோரிஸ் டே பாடிய 'கே செரா செரா'. ஜே லிவிங்ஸ்டன், ரே எவன்ஸ் என்ற இருவர் எழுதியது. அந்த வருஷத்துச் சிறந்த பாட்டுக்கான ஆஸ்கரும் வாங்கியது.

நடக்குறது நடக்கும், நம்ம கையில என்ன இருக்குங்கிற மாதிரி ஒரு பாட்டு. அரியர் வெச்சவன்ல இருந்து பிரேக்கப் ஆனவன் வரைக்கும் ஹாஸ்டல்ல எல்லாரும் ஸ்டேட்டஸ்ல போடுறது. டோரிஸ் டேன்னு தேடிப் பார்த்தா அவங்களையும் இந்தப் பாட்டு மாதிரியேதான் சொல்லி வெச்சிருக்காங்க: எப்பவும் சிரிச்ச முகம், பொன்னிறத் தலைமுடி, பக்கத்து வீட்டுப் பொண்ணு. இந்த அடையாளம் அவங்களுக்குச் செய்யப்பட்ட அநியாயம்னு நான் நினைக்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதல்ல அந்தப் பாட்டையே எடுத்துக்குவோம். பாட்டைக் கேட்டதும் டோரிஸுக்குப் பிடிக்கவில்லை. குழந்தைகளுக்குப் பாடுற பாட்டு, இதெல்லாம் யார் கேக்கப்போறாங்கன்னு நினைச்சாராம். (நம்ம கணிப்பெல்லாம் எவ்வளவு சரியா இருக்கும்ங்கிறதுக்கு இது ஒண்ணு போதும்.) படத்தில் அது இரண்டு தடவை வருகிறது. முதல் தடவை, அம்மாவும் மகனும் சும்மா விளையாட்டாகப் பாடுவது. இரண்டாவது தடவைதான் விஷயம். மகனைக் கடத்திவிட்டார்கள். லண்டனில் ஒரு தூதரக மாளிகையின் மாடியில் எங்கேயோ அடைத்து வைத்திருக்கிறார்கள். கீழே கோட்டும் சூட்டுமாக விருந்தாளிகள். அம்மா பியானோ முன்னால் உட்கார்ந்து அதே பாட்டைப் பாடுகிறாள். தேவைக்கு அதிகமான சத்தத்தில், விருந்தாளிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் அளவுக்கு. மாடியில் இருக்கிற பையன் காதில் விழணும், அவ்வளவுதான் அவளுக்கு. மேலேயிருந்து விசில் சத்தம் பதிலாக வருகிறது.

விதியை நம்பி உட்கார்ந்திருக்கிறவளா இப்படிப் பாடுவாள்? அந்த இடத்தில் பாட்டு ஒரு தேடும் கருவி. சிக்னல் அனுப்பி எதிரொலிக்காகக் காத்திருக்கிறாள். ஈ.சி.ஈ. பசங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் தேவையில்லை.

அதே படத்தில் இன்னொரு காட்சி என்னைத் தூங்கவிடவில்லை. கதைப்படி அவள் மேடையில் புகழ்பெற்ற பாடகி, டாக்டர் கணவனுக்காகத் தொழிலை விட்டவள். மகன் கடத்தப்பட்ட செய்தி கணவனுக்கு முதலில் தெரிகிறது. அதை அவளிடம் சொல்வதற்கு முன்னால் தூக்க மாத்திரையைக் கொடுத்து விழுங்க வைக்கிறான். அப்புறம்தான் சொல்கிறான். அவள் கத்துகிறாள், எழப் பார்க்கிறாள், மருந்து அவளைக் கீழே அழுத்துகிறது. 'உன் நல்லதுக்குத்தான்' என்று அவளுக்கும் சேர்த்து இன்னொருவன் முடிவெடுக்கிறான். டோரிஸின் சொந்த வாழ்க்கை தெரிந்த பிறகு அந்தக் காட்சியைத் திரும்பப் பாருங்கள், வேற மாதிரி இருக்கும்.

பிறந்தது 1922 ஏப்ரல் 3, ஒஹாயோ மாநிலத்தின் சின்சினாட்டி. நிஜப் பெயர் டோரிஸ் கப்பெல்ஹாஃப். அப்பா இசை ஆசிரியர். அவர் குடும்பத்தை விட்டுப் பிரிந்துவிட்டார். பெண்ணுக்கு ஆசை நடனத்தின் மேல். ஜோடி நடனப் போட்டியில் ஜெயித்து ஹாலிவுட் போகத் தயாராகிக்கொண்டிருந்தபோது, 1937 அக்டோபரில் அவர் இருந்த காரை ரயில் மோதியது. வலது கால் நொறுங்கியது. வயது 15. நடனம் அதோடு முடிந்தது.

மாசக்கணக்காகப் படுக்கை. பக்கத்தில் ரேடியோ. எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் பாடுவதைக் கேட்டுக் கேட்டுக் கூடவே பாடிப் பார்த்தார். அம்மா ஒரு பாட்டு ஆசிரியரிடம் சேர்த்துவிட்டார். ஒரே ஒருத்தர் காதில் பாடுவதாக நினைத்துப் பாடு என்பது அங்கே கிடைத்த பாடம். இது சின்ன விஷயமாகத் தெரியலாம். மைக் வருவதற்கு முந்தைய பாடகர்கள் கடைசி வரிசைக்குக் கேட்கக் குரலை எறிய வேண்டியிருந்தது. மைக் வந்த பிறகு அந்தக் கட்டாயம் இல்லை, ஆனால் பழக்கம் பலரிடம் போகவில்லை. மைக்கை மெகாஃபோனாகப் பயன்படுத்தாமல், காதாக நினைத்துப் பாடியவர்களில் டோரிஸ் முக்கியமானவர். ஹெட்போன் மாட்டிக்கிட்டு 1940-களில் பதிவான அவர் பாட்டைக் கேளுங்க. பின்னால பெரிய பேண்டே வாசிச்சிட்டிருக்கும், இவங்க பக்கத்து சீட்ல உக்காந்து பேசுற மாதிரி இருக்கும்.

லெஸ் பிரௌன் குழுவோடு பாடிய 'சென்டிமென்டல் ஜர்னி' 1945-ல் வெளியாகி, போர் முடிந்து வீடு திரும்பிய சிப்பாய்களின் பாட்டாகவே ஆகிவிட்டது. அந்தக் குரலின் சொந்தக்காரிக்கு அப்போது 22, 23 வயது. கையில் குழந்தை. முதல் கணவன் அடிக்கிறவன், அவனை விட்டுப் பிரிந்தாகிவிட்டது. குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு ஊர் ஊராகப் பேண்டோடு பஸ்ஸில் போய்ச் சம்பாதித்த பெண். 'பக்கத்து வீட்டுப் பொண்ணு' பட்டம் கொடுத்தவங்க இந்தப் பக்கத்தைப் படிக்கலையா?

1948-ல் 'ரொமான்ஸ் ஆன் தி ஹை சீஸ்'. வேறொரு நடிகை நடிக்க முடியாமல் போனதால் வந்த வாய்ப்பு. நடிப்புப் பயிற்சி எதுவும் கிடையாது. அதில் கூட நடித்த ஆஸ்கர் லெவன்ட் பின்னாளில், டோரிஸ் கன்னிப்பெண் ஆவதற்கு முன்பிருந்தே எனக்கு அவரைத் தெரியும் என்று கிண்டல் அடித்தார். ஊர் முழுக்கச் சிரித்தது. அந்த ஜோக் இன்று வரை அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவர் செய்த வேலையை மறைத்துக்கொண்டு.

என்ன வேலை? 'தி பஜாமா கேம்' (1957) பார்த்திருக்கீங்களா? பஜாமா தைக்கிற தொழிற்சாலை. டோரிஸ் தொழிற்சங்கத்தின் குறைதீர்க் குழுத் தலைவி. மணிக்கு ஏழரை சென்ட் சம்பள உயர்வுக்குப் போராட்டம். காதலன் நிர்வாகத்தின் ஆள். அவள் இயந்திரத்தை நிறுத்தி வைக்கிறாள்; அவனே அவளை வேலையை விட்டுத் தூக்குகிறான். அதற்காக அவள் சங்கத்தை விடவில்லை. 'இட் ஹேப்பன்ட் டு ஜேன்' (1959) படத்தில் கடல் இறால் அனுப்பி வியாபாரம் செய்யும் பெண், சரக்கைக் கெடுத்த ரயில் கம்பெனி மேல் வழக்குப் போடுகிறாள். 'ஜூலி'யில் (1956) விமானப் பணிப்பெண், கடைசியில் அவளே விமானத்தைத் தரையிறக்குகிறாள். லாஜிக்கை ஏரோ டிபார்ட்மென்ட் பசங்ககிட்ட கேக்காதீங்க.

'பில்லோ டாக்' (1959) அவருக்குக் கிடைத்த ஒரே ஆஸ்கர் பரிந்துரை. அதில் அவர் வீட்டு உள்அலங்கார வடிவமைப்பாளர். தனி வீடு, சொந்தச் சம்பாத்தியம், கல்யாணமாகாதது பற்றிக் கவலையில்லை. அந்தக் காலத்தில் ஒரே டெலிபோன் லைனை இரண்டு வீடு பகிர்ந்துகொள்ளும் முறை இருந்தது. அந்தப் பக்கத்து லைனில் ராக் ஹட்சன் எந்நேரமும் காதலிகளுக்குப் பாட்டுப் பாடிக்கொண்டிருப்பார். நம்ம ஹாஸ்டல் வைஃபையை ஒருத்தன் மட்டும் டவுன்லோடு போட்டுத் தின்னுற கதைதான். இதை வெறும் கற்பைக் காப்பாற்றும் கதை என்று சொல்பவர்கள், அவள் தினமும் காலையில் வேலைக்குக் கிளம்புவதைக் கவனிக்கவில்லை.

குறையே இல்லைன்னு சொல்லல. ஆள்மாறாட்டம் செய்து ஒருத்தியை ஏமாற்றுவதை இந்தப் படங்கள் ஜோக்காகக் கடந்துபோகின்றன. 'கலாமிட்டி ஜேன்' (1953) பாதிப் படம் வரை துப்பாக்கியும் சேறுமாக அட்டகாசம். அப்புறம் அவளைக் குளிப்பாட்டிப் பாவாடை கட்டிவிடுவதைத்தான் கதை முன்னேற்றம் என்கிறது. 1960-களின் கடைசிப் படங்கள் சில நிஜமாகவே மோசம். ஆனால் அவர் எவ்வளவு தூரம் போகக்கூடியவர் என்பதற்கு 'லவ் மீ ஆர் லீவ் மீ' (1955) இருக்கிறது. பாடகி ரூத் எட்டிங்கின் வாழ்க்கை. ரௌடிக் கணவனாக ஜேம்ஸ் கேக்னி. அவருக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது, டோரிஸுக்குக் கிடைக்கவில்லை. பாட்டுக்காரியாகவும் இருந்துகொண்டு, பயத்தையும் பேராசையையும் ஒரே முகத்தில் காட்டிய நடிப்பு அது. எனக்குக் கேட்டால் அவருடைய ஆகச்சிறந்த படம் அதுதான்.

1960, 62, 63, 64 என நான்கு வருடங்கள் தியேட்டர்காரர்களின் கணக்கெடுப்பில் வசூல் நட்சத்திரமாக முதலிடம். ஹீரோயின்களில் முதலிடம் இல்லை, ஹீரோக்களையும் சேர்த்து.

அந்தப் பணமெல்லாம் எங்கே போச்சுங்கிறதுதான் மிச்சக் கதை.

1951-ல், தன் 29-வது பிறந்தநாளில், மார்ட்டின் மெல்ச்சரை மணந்தார். அவர்தான் மேனேஜர், பிற்பாடு தயாரிப்பாளர். பண விவகாரங்களை ஜெரோம் ரோசென்தால் என்ற வக்கீல் பார்த்துக்கொண்டார். டோரிஸ் நடித்தார், பாடினார், நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். 1968 ஏப்ரலில் மெல்ச்சர் இறந்தார். அதன் பிறகுதான் தெரிகிறது: இருபது வருட உழைப்பில் சேர்ந்த சுமார் 2 கோடி டாலர் காலி. எண்ணெய்க் கிணறு, ஹோட்டல் என்று போட்டதெல்லாம் போயிற்று. மிச்சம் கடன். கூடவே இன்னொரு அதிர்ச்சி: அவரைக் கேட்காமலேயே சி.பி.எஸ். தொலைக்காட்சித் தொடருக்கு அவர் பேரில் ஒப்பந்தம் போடப்பட்டிருந்தது.

போன மாசம் ப்ளேஸ்மென்ட் அறையில் ஒரு கம்பெனியின் பாண்ட் பேப்பரை நீட்டினாங்க. 14 பக்கம். எனக்கு முன்னாடி நின்ன எல்லாரும் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டுட்டு செல்ஃபி எடுத்தாங்க. நானும்தான். அதனால டோரிஸை முட்டாள்னு சொல்ற தகுதி எனக்கில்ல. அவங்க நம்பினது கட்டின புருஷனை. நான் நம்பினது யாருன்னே தெரியாத ஒரு ஹெச்.ஆரை.

மெல்ச்சரும் வக்கீலுக்குக் கூட்டாளியா, அவரும் ஏமாந்தவரா? இன்றும் இரண்டு பக்கமும் பேசுகிறார்கள். டோரிஸ் செய்தது இரண்டு வேலை. ஒன்று, தான் ஒப்புக்கொள்ளாத அந்தத் தொடரில் 1968 முதல் 1973 வரை ஐந்து சீசன் நடித்துக் கடனை அடைத்தார். அதன் தலைப்புப் பாட்டு எது தெரியுமா? அதே 'கே செரா செரா'. ஒவ்வொரு வாரமும். இரண்டு, வக்கீல் மேல் வழக்கு. 1974-ல் தீர்ப்பு: 2 கோடியே 20 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்கணும். கையில் வந்து சேர்ந்தது அதைவிட ரொம்பக் குறைவு. ஆனாலும் அந்த வழக்கு விடாமல் துரத்தியது. 1987-ல் ரோசென்தாலின் வக்கீல் உரிமமே பறிபோனது.

'நடக்குறது நடக்கும்'னு இருந்திருந்தா இதெல்லாம் நடந்திருக்காது.

அதன் பிறகு கலிஃபோர்னியாவில் கார்மெல் பக்கம் போய்விட்டார். நாய்கள், பூனைகள், விலங்குகளுக்காக 1978-ல் தொடங்கிய அறக்கட்டளை. 1985-ல் அவர் நடத்திய விலங்குகள் நிகழ்ச்சிக்கு முதல் விருந்தாளியாக வந்தது பழைய ஜோடி ராக் ஹட்சன். எலும்பும் தோலுமாக வந்தார். எய்ட்ஸ் என்றால் கைகுலுக்கவே பயந்த காலம். கூடியிருந்த பத்திரிகையாளர்கள் உறைந்து நின்றபோது டோரிஸ் அவரைக் கட்டிப்பிடித்து வரவேற்றார். சில மாதங்களில் ஹட்சன் இறந்துபோனார். 2004-ல் அமெரிக்க அதிபரின் சுதந்திரப் பதக்கம் கிடைத்தது; விமானத்தில் ஏறப் பயம் என்று வாங்கப் போகவில்லை. 'ஜூலி'யில் விமானத்தை இறக்கினவங்கதான்! கௌரவ ஆஸ்கர் கடைசி வரை கொடுக்கவேயில்லை. அகாடமியின் கணக்கில் சிரிக்க வைக்கிறது இன்னும் சுலபமான வேலைதான் போல.

லேப்டாப்பில் அந்தத் தூதரகக் காட்சியைப் பாட்டிக்குப் போட்டுக் காட்டினேன். கீரையை மடியில் வைத்தபடியே முழுசாகப் பார்த்தாங்க. முடிஞ்சதும், "இந்தம்மா இருக்காங்களா இப்போ?"ன்னு கேட்டாங்க.

"2019-ல போயிட்டாங்க பாட்டி. 97 வயசு. சடங்கு வேண்டாம், கல்லறையில பேர் போட்ட கல் கூட வேண்டாம்னு எழுதி வெச்சிட்டாங்களாம்."

"ஏன்டா அப்படி?"

எனக்குத் தெரியல. "இன்னொரு தடவை போடு, அந்தப் புள்ள விசில் அடிக்கிற இடம்"ன்னாங்க. போட்டேன்.