ஊர் மறந்த அரங்கம், ஊரே மீட்ட அரங்கம்

கட்டடக்கலை மாணவி என்ற முறையில் என்னை அதிகம் யோசிக்க வைத்த அரங்கம் எந்த மாநகரிலும் இல்லை. இங்கிலாந்தின் வட யார்க்‌ஷியரில், ரிச்மண்ட் என்ற சிறு பட்டணத்தில் இருக்கிறது. ஊர் ஊராகச் சென்று நாடகம் போட்ட சாமுவேல் பட்லர் என்ற நடிகர் அதை 1788-இல் கட்டினார்.

வெளியே பார்த்தால் சாதாரணக் கல் கிடங்குதான். உள்ளே நடுவில் தாழ்ந்த தரையில் வாங்குகள். மூன்று பக்கமும் மரத்தடுப்பு வைத்த சிற்றறைகள். அவற்றுக்கு மேலே மலிவுக் கட்டணக்காரர்களுக்கான மாடம். மாடத்தில் இருந்தவர்கள் காலால் உதைத்துச் சத்தம் எழுப்பிய பலகைகள் இன்றும் அங்கே இருக்கின்றன. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நாடகம் நடந்த காலம் அது. ஆகவே, நடிகரின் முகம் கடைசி வரிசைக்கும் தெரியும்படி அரங்கைச் சிறியதாகவே அமைத்தார்கள்.

1848-இல் அரங்கம் மூடப்பட்டது. தாழ்ந்த பகுதியின் மேல் பலகை அடித்தார்கள். கீழே மதுக் கிடங்கு வந்தது. மேலே ஏலக்கூடம் நடந்தது. இடித்து நவீனமாக்க யாரும் பணம் போடாததால், பழைய மரவேலைகள் அப்படியே தப்பின. ஆனால், கட்டடம் தப்பியதால் மட்டும் அரங்கம் திரும்பிவிடவில்லை. 1960-இல் அறக்கட்டளை அமைத்து நிதி திரட்டிய பிறகே, 1963-இல் கதவு மீண்டும் திறந்தது. இன்றும் அங்கே நாடகம் நடக்கிறது.

இதை நான் எழுதக் காரணம் நம் பட்டணங்கள். நம் தாத்தா பாட்டிமார் தமிழ்ப்படம் பார்க்க வரிசையில் நின்ற ஒற்றைத்திரை அரங்குகள் பல, இன்று கடைகளாகவும் பறவைக்கூடு வளர்க்கும் கட்டடங்களாகவும் மாறிவிட்டன. சில பூட்டியே கிடக்கின்றன. எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது என்பது எனக்கும் தெரியும். நில உரிமையாளருக்கு வருமானம் வேண்டும். பழுதுபார்க்கும் செலவும் சிறியதல்ல. ஆனால், எந்தப் பதிவும் இல்லாமல் ஒரு கட்டடம் இடிபட்டால், பிறகு அதைப் பற்றிப் பேசவே நம்மிடம் ஒன்றும் இருக்காது.

மாணவர்களால் இதில் செய்யக்கூடியது உண்டு. உரிமையாளரிடம் அனுமதி பெற்று முகப்பையும் உள்ளமைப்பையும் படம் எடுங்கள். நீள அகலத்தை அளந்து ஒரு வரைபடம் போடுங்கள். டிக்கெட் விற்றவர், படம் ஓட்டியவர் உயிரோடு இருக்கும்போதே அவர்கள் பேச்சைப் பதிவு செய்யுங்கள். வரலாற்றுப் பாடத்தின் இடுபணிக்கு இதைவிட நல்ல தலைப்பு கிடைக்காது. நம் நாட்டின் 2005-ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டத்தின்கீழ், ஓர் இடத்தைத் தேசிய மரபுடைமையாக அறிவிக்கும்படி யாரும் அமைச்சருக்கு முன்மொழியலாம். அப்படி முன்மொழியும் நாளில், கையில் அந்தப் படங்களும் அளவுகளும் இருக்க வேண்டும்.

வரும் பள்ளி விடுமுறையில், உங்கள் ஊர்ப் பழைய அரங்கிலிருந்தே அந்த வேலையைத் தொடங்குங்கள்.