துப்பறிவாளரை நறுக்கியவர்

காமிக்ஸைக் கலைக்கூடத்துக்குள் கொண்டுவந்தவர் யார் என்றால், பலரும் ராய் லிச்டென்ஸ்டைனைத்தான் சொல்வார்கள். அவர் மிக்கி மவுஸைத் தீட்டியது 1961இல். சான்பிரான்சிஸ்கோவின் ஜெஸ் காலின்ஸ் 1954லேயே கத்தரிக்கோலும் பசையுமாக உட்கார்ந்துவிட்டார். செஸ்டர் கோல்டு வரைந்த டிக் ட்ரேசி, அமெரிக்கச் செய்தித்தாள்களின் செல்லத் துப்பறிவாளர்: மஞ்சள் கோட்டு, கூர்மூக்கு, மணிக்கட்டில் ரேடியோ. அந்தப் பக்கங்களை நறுக்கி, நாயகன் பெயரின் ஆங்கில எழுத்துகளையும் இடம்மாற்றி, 'ட்ரிக்கி கேட்' என்று 1959க்குள் எட்டுப் படைப்புகள் செய்தார் ஜெஸ். எட்ட நின்று பார்த்தால் அசல் ஞாயிற்றுக்கிழமைப் பக்கம்தான். கிட்டே போனால் பேச்சுக் குமிழியில் பாதி வாக்கியம் தொங்கும். அடுத்த கட்டம் அதற்குச் சம்பந்தமே இல்லாமல் ஓடும். துப்பு என்று ஒன்று எங்குமே கிடைக்காது. எல்லாக் குற்றத்துக்கும் விடை வைத்திருந்தவரை வழி தெரியாமல் அலையவிட்ட இந்த மனிதர் யார் தெரியுமா? அணுகுண்டுத் திட்டத்துக்காக புளூட்டோனியம் தயாரிப்பில் வேலை பார்த்த வேதியியலாளர். உலகம் அழிவதாகக் கனவு கண்டு, அந்த வேலையை உதறிவிட்டு ஓவியம் படிக்கப் போனவர். எல்லாம் ஒழுங்காக முடியும் என்று வாக்குக் கொடுக்கும் கதைகளை அவர் விட்டுவைக்காததில் எனக்கு வியப்பில்லை. லிச்டென்ஸ்டைன் ஒரு கட்டத்தை எடுத்துப் பெரிதாக்கினார், அழகுதான். ஜெஸ் கதையின் நரம்பையே அறுத்தார். கலை வரலாற்று நூல்கள் அவரை ஒரு வரியில் கடந்துபோவது எனக்குக் கொஞ்சமும் ஒப்பவில்லை. 'ட்ரிக்கி கேட்' வரிசையில் ஒன்று வாஷிங்டன் ஹிர்ஷ்ஹார்ன் அருங்காட்சியகச் சேகரிப்பில் இருக்கிறது. கட்டம் கட்டமாக, நிதானமாகப் படிக்க வேண்டியது அது.