அடுக்களை ஓய்ந்த பிறகு ஒரு கதை

மேடையைத் துடைத்து, பாலுக்கு உறை ஊற்றி, வாசல் கதவைத் தாழ் போட்டால் மணி பத்து ஆகிவிடுகிறது. அதற்குமேல்தான் நமக்கென்று கொஞ்ச நேரம், இல்லையா சகோதரிகளே? அந்த நேரத்துக்கு ஹரிகதையைப் போல ஒத்துப்போவது வேறொன்றுமில்லை என்பது என் கட்சி. கச்சேரி என்றால் ராகம் தெரிய வேண்டுமோ என்று ஒரு தயக்கம். வெறும் பேச்சென்றால் பத்து நிமிஷத்தில் கொட்டாவி. இதிலோ, கதையில் மனசு கனக்கிற இடத்தில் பாட்டு வந்து தாங்கிக்கொள்ளும்.

மராட்டியர் ஆண்ட தஞ்சாவூருக்கு மகாராஷ்டிரத்திலிருந்து வந்த வழக்கம் இது. தமிழ்நாட்டில் அதற்கு உருவம் கொடுத்தவர் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர். சாகி, திண்டி, அபங்கம் என்ற மராத்தி மெட்டுகள் இன்னமும் நடுநடுவே வரும். கையில் சிப்ளாக் கட்டை; பக்கத்தில் மிருதங்கம், ஹார்மோனியம், பின்பாட்டு.

1900களின் தொடக்கத்தில் சி. சரஸ்வதி பாய் மேடையேறியபோது, பெண் கதை சொல்வதாவது என்று ஆண் பாகவதர்கள் சிலர் கிளம்பினார்கள். வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லலாம், சபையில் கூடாதாம். என்ன நியாயமோ! அந்த அம்மாள் அசரவில்லை. இன்று சார்ட்டர்ட் அக்கவுண்டன்டுக்குப் படித்து, லால்குடி ஜெயராமனிடம் பாட்டும் கற்ற விசாகா ஹரி சபை நிறையக் கதை சொல்கிறார்.

எங்கள் மணவூர்ப் பக்கம் தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் உட்காரும். திருத்தணியே 1960ல்தான் ஆந்திராவிலிருந்து சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. எங்கள் அத்தைக்குத் தெலுங்குதான் பிறந்த வீட்டுப் பேச்சு. மாமா போன நாளிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, "யாராச்சும் ஏதாச்சும் பேசுங்களேம்மா" என்பார். யாரால் முடியும்? என் மகன் செல்போனில் ஒரு தெலுங்கு ஹரிகதை போட்டுக் கொடுத்தான். ஆதிபட்ல நாராயண தாசு வழியில் வந்த தெலுங்குக் கதைக்காரர்கள் காலில் சலங்கை கட்டி ஆடிக்கொண்டே சொல்வார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் அத்தை நிமிர்ந்து உட்கார்ந்து, மீதிக் கதையைத் தாமே சொல்ல ஆரம்பித்துவிட்டார்! தினமும் தூக்கம் வருகிறதா என்றால், இல்லை. ஆனால் விழித்துக் கிடப்பது முன்போலப் பயமாக இல்லையாம். (டாக்டர் கொடுத்த மாத்திரையை அவரைக் கேட்காமல் நிறுத்திவிடாதீர்கள். அது வேறு, இது வேறு.)

அமெரிக்காவிலும் இப்படி ஒன்று உண்டென்று மகன் போட்டுக் காட்டினான். கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் தம் கவிதைகளைப் பேச்சாகவே சொல்ல, சார்லஸ் மிங்கஸ் முதலானோர் ஜாஸும் ப்ளூஸும் வாசித்து 1958ல் பதிவான இசைத்தட்டு. இங்கிலீஷ் எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் அவர் மூச்சு வாங்கும் இடத்தில் வாத்தியம் வந்து பிடித்துக்கொள்கிறதே, அது நம் பின்பாட்டேதான்.

போட்டுக் கேட்கிறவர்கள் போனைத் தலையணைக்கடியில் வைக்காமல் தள்ளி வையுங்கள், சத்தம் குறைவாக. ராத்திரிக்கு ருக்மிணி கல்யாணம், சீதா கல்யாணம் நல்லது. அரிச்சந்திரனைப் பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சந்திரமதி அழுதால் வயசானவர்களும் சேர்ந்து அழுதுவிடுவார்கள்.