திரையில் தானாக மாறிய பெயர்

காலை நிகழ்ச்சியில் பிறந்தநாள் வாழ்த்துப் பகுதி வரும். திரையில் பெயர்கள் வரிசையாக நிற்கும், பார்த்துப் படிப்பேன். அன்று ஒரு பாட்டிக்கு 80ஆவது பிறந்தநாள். கிள்ளானிலிருந்து பேத்தி அனுப்பிய வாழ்த்து. பாட்டு ஓடும்போது ஒருமுறை சரிபார்த்தேன், பாட்டியின் பெயர் இருந்தது. பாட்டு முடிந்து ஒலிவாங்கியைத் திறந்து படித்தேன். அதற்குள் அங்கே வேறொரு பெயர். கண் பார்த்ததை வாய் சொல்லிவிட்டது. முந்தைய இரவு காலமான எங்கள் நீண்டகால நேயர் ஒருவருக்கு, நேரலையில் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லியிருந்தேன்.

அவருடைய மகன் அழைத்தார். "அப்பாவ இன்னும் எடுக்கலம்மா. வீட்ல ரேடியோ ஓடிக்கிட்டு இருந்துச்சு" என்றார். அவ்வளவுதான். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை போலிருந்தது.

நடந்தது இதுதான். பக்கத்து அறையில் தயாரிப்பாளர் மாலை நிகழ்ச்சிக்கு அஞ்சலிக் குறிப்பு எழுத உட்கார்ந்திருக்கிறார். படிவம் ஒன்றுதானே என்று பாட்டியின் வாழ்த்தைத் திறந்து பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார். "சேமி பொத்தானைத் தொடவே இல்லை" என்று சத்தியம் செய்தார். உண்மைதான், அவர் தொடவில்லை.

மென்பொருளைப் பார்த்துக்கொள்ளும் தம்பி விளக்கினார். அது ஜாவாவில் எழுதப்பட்ட பழைய மென்பொருள். அடிக்கடி தேவைப்படும் தகவலைத் தரவுத்தளத்தில் திரும்பத் திரும்பத் தேடாமல் நினைவகத்திலேயே கைக்கெட்டும்படி வைத்திருப்பதற்கு 'கேஷ்' என்று பெயர். எங்களிடம் இருந்தது ஜேபாஸ் கேஷ், அதிலும் 'போஜோ கேஷ்' என்ற வகை. ஒரு வாழ்த்தை அதில் இணைத்துவிட்டால், அதன் பெயரையோ ஊரையோ யார் மாற்றினாலும் அந்தச் செயலை நடுவில் ஒருவர் மறித்து, கேஷில் எழுதி, மற்றக் கணினிகளுக்கும் அனுப்பிவிடுவார். கல்யாண மண்டபத்தில் மொய் எழுதுபவர் மாதிரி. அவர் மேசையைத் தாண்டாமல் உறை உள்ளே போகாது.

நிரல்வரிகளை அதிகம் தொடாமலே இப்படி இடையில் புகும் முறைக்கு 'ஆஸ்பெக்ட்' நிரலாக்கம் என்று பெயர். ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் கிரெகர் கிச்சாலெஸும் அவருடைய குழுவினரும் 1997இல் முன்வைத்த யோசனை. கெட்ட யோசனை இல்லை. எழுத்துப்பிழையைத் தயாரிப்பாளர் அங்கே திருத்தினால் இங்கே நொடியில் சரியாகிவிடும். எத்தனையோ முறை என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறது. சொன்ன வேலையைத்தான் அன்றும் அது செய்தது. தயாரிப்பாளர் வரைவு என்று நினைத்தது, அதைப் பொறுத்தவரை வரைவே அல்ல.

"டிடாச் பண்ணிட்டா போதும்க்கா" என்றார் தம்பி. அதாவது, திருத்துவதற்கு முன் அந்தப் பொருளைக் கேஷிலிருந்து விடுவிப்பது. செய்தார். மறுநாள் ஒத்திகையில் தயாரிப்பாளர் ஒரு வாழ்த்தைத் திறந்ததும் என் திரையில் அது காணாமலே போய்விட்டது! விடுவிப்பது என்றால் மறிப்பவரை எழுப்பி அனுப்புவது மட்டுமல்ல. மதிப்புகள் பொருளிடமே திரும்பி வரும், கேஷில் இருந்த இடம் காலியாகும், மற்றக் கணினிகளிலும் காலியாகும். வேலை முடிந்த வாழ்த்துக்கு அது சரி. இன்னும் படிக்காத வாழ்த்துக்குச் சரிவருமா?

எங்களுக்கு வேண்டியது விடுவிப்பு இல்லை, நகல். புதிதாக ஒரு பொருளை உருவாக்கி, மதிப்புகளை ஒவ்வொன்றாகப் படித்து அதில் எழுதிக்கொள்வது. இந்தப் புதியதைக் கேஷுக்குத் தெரியாது. அதிலும் ஒரு கண்ணி இருந்தது. வாழ்த்துகிறவர்களின் பெயர்கள் ஒரு பட்டியலாக இருக்கும். நகல் புதியது, ஆனால் அது கையில் பிடித்திருந்த பட்டியல் கேஷ் கொடுத்த அதே பழைய பட்டியல். வரைவில் மாமாவை நீக்கினால் என் திரையிலும் மாமா போனார். பட்டியலையும் புதிதாக எழுதிய பிறகுதான் எல்லாம் அடங்கியது. நல்லவேளை, இது ஒத்திகையிலேயே பிடிபட்டது.

இத்தனைக்கும், அஞ்சலிக் குறிப்பை அன்று மாலை தாளில் எழுதித்தான் படித்தார்கள்.

16ஆம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். சாப்பிட்ட பிறகு மகன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எப்படி நடந்தது என்று கேட்டார. கேஷ், ஆஸ்பெக்ட் எல்லாம் சொல்லாமல், ஒரு பாட்டியின் வாழ்த்தில் பெயர் மாறிவிட்ட கதையை மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அப்ப அந்தப் பாட்டிக்கு வாழ்த்துச் சொல்லிட்டீங்களாம்மா?"

"மறுநாளே சொல்லிட்டேங்கய்யா" என்றேன்.