மதீனாவுக்குத் ‘த’, துபாய்க்கு ஏன் ‘ட’?

காரைதீவிலிருந்து சம்மாந்துறைக்குப் போகும் வழியில், வயல்களுக்கு நடுவே இருக்கிறது மாவடிப்பள்ளி. அங்கும் கல்முனைக் கரையோரத்து ஊர்களிலும் குர்ஆன் மத்ரஸாவுக்குப் போகும் பிள்ளைக்கு ஆரம்பத்திலேயே சொல்லிக்கொடுப்பது மஃரஜ்: எந்த எழுத்து வாயில் எந்த இடத்தில் பிறக்கிறது என்பது. ‘தால்’ என்ற எழுத்துக்கு நாக்கு நுனி மேல்வரிசை முன்பல்லின் அடியில் பட வேண்டும். நாக்கை மடித்து ‘டால்’ என்றால் உஸ்தாத் விடமாட்டார். சரியாக வரும்வரை திரும்பத் திரும்பச் சொல்லவைப்பார்.

அதே பிள்ளை வெளியே வந்ததும், “வாப்பா டுபாய்ல” என்கிறது.

துபாயை அரபியில் எழுதினால் முதல் எழுத்து அந்தத் தால்தான். மதீனாவின் நடுவில் இருப்பதும் அதுவே. ஆனால் மதீனாவை யாரும் மடீனா என்பதில்லை. ஜித்தாவையும் ஜிட்டா என்பதில்லை. அவை மார்க்கத்தோடும் ஹஜ்ஜுக்குப் போய்வந்தவர்களின் பேச்சோடும் வந்து சேர்ந்த பெயர்கள். டுபாயும் டோஹாவும் ஆங்கில எழுத்தில் வந்தவை. கட்டாரும் அப்படித்தான்: அதன் நடுவெழுத்து தாலைவிடக் கனத்து ஒலித்தாலும் பிறக்கும் இடம் ஒன்றுதான். தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் துபாய், கத்தார் என்றே எழுதுகின்றன.

வெளிநாட்டுப் பெயர்களை அந்தந்த ஊரார் போலவே சொல்ல வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. கத்தாரின் முதல் எழுத்து உள்நாக்கருகே பிறப்பது. அதற்காகத் தமிழ்ப் பேச்சின் நடுவே தொண்டையை வருத்திக்கொள்ள வேண்டாம். மிஸ்ர் என்பது நாட்டவர் வழங்கும் பெயர் என்பதற்காக எகிப்தைக் கைவிடவும் வேண்டாம். பழகிய பெயர் தமிழின் சொத்து. வளைகுடாவில் இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்து, தேநீர்க் கடையில் மற்றவர் உச்சரிப்பைத் திருத்துவது அழகுமல்ல.

ஆனால் தமிழிலேயே ‘த’ இருக்கும்போது, அரபியிலும் அதே ஒலி இருக்கும்போது, இடையில் ஆங்கிலம் எதற்கு? தமிழ் பேசும் முஸ்லிம்களின் முன்னோர் ஒலியில் எவ்வளவு கவனமாக இருந்தார்கள் என்பதற்கு அரபுத்தமிழே சாட்சி. அரபு எழுத்தில் தமிழை எழுத முனைந்தவர்கள், அரபியில் இல்லாத ‘ட’வுக்கென்று ஓர் எழுத்தைப் புள்ளியிட்டு உருவாக்கிக்கொண்டார்கள். ‘த’வும் ‘ட’வும் குழம்பக் கூடாது என்று அவர்கள் பட்ட பாடு அது.

சிரியாவின் தலைநகரைச் செய்திகள் டமஸ்கஸ் என்கின்றன. அரபுக் கிதாபு ஓதியவருக்கு அது திமிஷ்க். தமிழ் வேதாகமம் வாசிப்பவருக்குத் தமஸ்கு. இரண்டு சமூகங்களிடமும் ‘த’வில் தொடங்கும் பெயர் ஏற்கெனவே இருக்க, இருவருக்கும் சொந்தமில்லாத ஒன்று அச்சேறுகிறது.

ஆங்கில எழுத்தை மட்டும் பார்த்து வாசிக்கும் ஒருவர் மாவடிப்பள்ளியை மாவதிப்பள்ளி என்றும் நிந்தவூரை நின்டவூர் என்றும் சொன்னால், கேட்கும் ஊரவருக்குப் பொறுக்காது, உடனே திருத்துவார்கள். எது ‘ட’, எது ‘த’ என்று காட்ட அந்த எழுத்தால் முடியாது. துபாய்க்காரரின் ஊர்ப் பெயருக்கும் இதே கதிதான்.

இலங்கைத் தமிழ்ச் செய்தியறைகள் இதைச் சரிசெய்யப் பெரிய குழுவெல்லாம் அமைக்க வேண்டியதில்லை. அரபு ஓதிய ஒரு மௌலவியை அழைத்து, அடிக்கடி அச்சாகும் வளைகுடா ஊர்ப் பெயர்களை ஒரு பிற்பகல் உட்கார்ந்து பார்த்தால் போதும். துபாய், தோஹா, கத்தார், தம்மாம் என்று தொடங்கலாம்.