கண்ணீர் இல்லாத பின்னலும் நம் மாதிரிக் கட்டுரைகளும்



ஆண்டு முழுவதும் வெயில் காயும் நம் நாட்டில் கம்பளிப் பின்னலாடையைப் பற்றி எழுதுவானேன் என்று நீங்கள் வியக்கலாம். நான் எழுத வந்தது ஆடையைப் பற்றி மட்டுமன்று. அதனை வடிவமைத்த ஒருவர் பிறருக்குக் கற்பித்த முறையைப் பற்றியது. என் வகுப்பறையில் நான் செய்த ஒரு பிழையை அம்முறை எனக்குக் காட்டிக்கொடுத்தது.

அவர் பெயர் எலிசபெத் சிம்மர்மன். 1910இல் இங்கிலாந்தில் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோதே தாயாரிடம் பின்னக் கற்றார். பின்னர்ச் சுவிட்சர்லாந்திலும் செருமனியிலும் ஓவியக் கலை பயின்றார். 1937இல் கணவருடன் அமெரிக்காவில் குடியேறினார். விசுகான்சின் மாநிலத்தில் அவர்கள் வீடாக மாற்றிக்கொண்டு வாழ்ந்தது ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டடம்! 1959இல் அவர் தொடங்கிய நிறுவனத்தின் பெயரும் 'ஸ்கூல்ஹவுஸ் பிரஸ்', அதாவது பள்ளிக்கூடப் பதிப்பகம்.

அக்காலத்தில் அமெரிக்காவில் ஆடையின் முன்பக்கம், பின்பக்கம், கைகள் எனத் தனித்தனித் துண்டுகளாகப் பின்னி, இறுதியில் தைத்து இணைப்பதே வழக்கமாக இருந்தது. எலிசபெத் அதனை ஏற்கவில்லை. மனித உடல் உருண்டு திரண்டது. ஆடையையும் குழாய் போல வட்டமாகவே பின்னினால் தையலுக்குத் தேவையே பெரும்பாலும் இராது என்றார். வளையும் கம்பியால் இணைக்கப்பட்ட வட்ட ஊசியைப் பரவலாக்கினார். வட ஐரோப்பிய மீனவர்கள் அணிந்த கம்பளிச் சட்டைகள் நெடுங்காலமாக வட்டமாகவே பின்னப்பட்டு வந்தவை. அத்தகைய மரபுகளிலிருந்தே அவர் ஊக்கம் பெற்றார். எனவே, எதையும் 'நான் கண்டுபிடித்தேன்' என்று அவர் உரிமை கொண்டாடவில்லை. முன்னோர் கைகள் என்றோ அறிந்திருக்கக்கூடியதை மீண்டும் கண்டெடுத்தேன் என்னும் பொருளில் 'அன்வென்ட்' என்றொரு சொல்லைத் தாமே ஆக்கிக்கொண்டார்.

அவர் தந்த விழுக்காட்டு முறையைப் படித்தபோது ஓர் ஆசிரியராக நான் மிகவும் மகிழ்ந்தேன். முதலில் சிறு துண்டு ஒன்றைப் பின்னி, ஒரு சென்டிமீட்டரில் எத்தனை கண்ணிகள் அடங்குகின்றன என்று எண்ண வேண்டும். இரண்டு கண்ணிகள் என்று கொள்வோம். மார்புச் சுற்றளவு 100 சென்டிமீட்டர் எனில் மொத்தம் 200 கண்ணிகள். அதுவே நூறு விழுக்காடு. மணிக்கட்டுக்கு அதில் 20 விழுக்காடு, அஃதாவது 40 கண்ணிகள். கழுத்துக்கு 40 விழுக்காடு, 80 கண்ணிகள். அக்குளுக்கு 8 விழுக்காடு, 16 கண்ணிகள். ஒரே ஓர் எண்ணை அறிந்தால் குழந்தைக்கும் பின்னலாம், பெரியவருக்கும் பின்னலாம். எந்த நூலானாலும் சரி. நம் படிநிலை இரண்டு மாணவர்கள் படிக்கும் விழுக்காடு ஒருவருக்குச் சட்டையாகிறது!

1968இல் அவர் வடிவமைத்த குழந்தைச் சட்டை இன்னும் வியப்பானது. 160 கண்ணிகளில் தொடங்கும் அப்பின்னல் முடியும்வரை உருவமற்ற துணியாகவே தோன்றும். பின்னி முடித்து, உரியவாறு மடித்துத் தோள்பட்டையில் மட்டும் தைத்தால் அழகிய சட்டையாகிவிடும்.

1971இல் வெளிவந்த அவருடைய நூலின் பெயர் 'கண்ணீர் இல்லாத பின்னல்' எனப் பொருள்படும். 1974இல் மாதத்துக்கொரு பின்னலாக மற்றொரு நூல் எழுதினார். அதில் ஏன், எதற்கு என்னும் விளக்கத்தை முதலில் நண்பரிடம் பேசுவது போல எழுதுவார். சுருக்கமான செய்முறையைப் பிறகே தருவார். கண்ணை மூடிக்கொண்டு செய்முறையைப் பின்பற்றுவோரையும் அவர் வெறுக்கவில்லை. ஆயினும், சிந்தித்துப் பின்னுவோரையே உருவாக்க விரும்பினார்.

அவருக்கு நேர்ந்த ஒரு நிகழ்ச்சியை இங்குச் சொல்லியாக வேண்டும். 1950களில் அவர் வட்டமாகப் பின்னுமாறு எழுதி அனுப்பிய செய்முறையை இதழாசிரியர்கள் வழக்கமான துண்டுமுறைக்கு மாற்றி வெளியிட்டார்கள். தம் முறையைத் தம் சொற்களிலேயே சொல்ல வேண்டும் என்பதற்காக அவர் பின்னர்ச் சொந்தமாகச் செய்திமடல் தொடங்கினார்.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. அந்த இதழாசிரியர்களின் வேலையைத்தானே நானும் செய்தேன்?

சில ஆண்டுகளுக்கு முன், 'நான் சென்ற சுற்றுலா' என்னும் கட்டுரையை மாணவி ஒருத்தி இப்படித் தொடங்கியிருந்தாள்: "அன்று காலை மின்தூக்கி பழுதாகிவிட்டது. பதினொன்றாம் மாடியிலிருந்து பைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம்." நான் சிவப்பு மையால் அதனை அடித்துவிட்டு, கதிரவன் தன் பொற்கதிர்களைப் பரப்பினான் என்று எழுதிக் கொடுத்தேன். அவளும் மறுப்பின்றி எழுதினாள். அதற்குப் பிறகு அவளுடைய எல்லாக் கட்டுரைகளிலும் கதிரவன் தவறாமல் உதித்தான். மின்தூக்கி மட்டும் திரும்பி வரவேயில்லை.

தேர்வுக்காகத்தான் இப்படிச் செய்கிறோம் என்று நாம் சொல்லி வந்தோம். 2021இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வே நீக்கப்பட்டுவிட்டது. இன்னும் மாதிரிக் கட்டுரைகளை மனனம் செய்விப்பது யாருக்காக? பெற்றோர்களே, பிள்ளையின் கட்டுரையில் அணிச்சொற்கள் குறைவு என்று வருந்தாதீர்கள். அதில் உங்கள் வீடு இருக்கிறதா என்று பாருங்கள்.

மாதிரியே கூடாது என்று நான் சொல்லவில்லை. தமிழ் குறைவாகப் புழங்கும் இல்லங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு மாதிரி தேவை என்பதை அறிவேன். வரிசையை மாற்றுவோம் என்பதே என் வேண்டுகோள். முதலில் பிள்ளை தன் அனுபவத்தைத் தெரிந்த சொற்களில் எழுதட்டும். நல்ல தொடக்கம் எது, அது ஏன் நல்லது என்று பேசுவோம். அதன் பிறகு மாதிரியைக் காட்டுவோம். அளவெடுத்த பிறகுதானே கண்ணிகளைக் கணக்கிட முடியும்?

எலிசபெத் 1999இல் தம் 89ஆம் அகவையில் மறைந்தார். அவர் கண்ட கணக்கைக் கொண்டு இன்றும் பலர் தத்தம் அளவுக்கேற்பப் பின்னிக்கொண்டிருக்கிறார்கள். அந்த மாணவி இப்போது இடைநிலைப்பள்ளியில் படிக்கிறாள். அவளைக் காணும் வாய்ப்புக் கிட்டினால், அன்று நான் அடித்த அந்த இரண்டு வரிகளே நல்ல தொடக்கம் என்று சொல்ல வேண்டும்.