புற்றுநோய்க் கணக்கும் நம் பங்கும்

'இந்தியாவில் புற்றுநோய் பெருகப் போகிறது' என்று ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையாவது செய்தித்தாளில் கொட்டை எழுத்தில் வந்துவிடுகிறது. என் வயதுக்காரர்கள் சிலர் அதைப் படித்துவிட்டுப் பரிசோதனைக்குப் போகவே பயப்படுகிறார்கள். வேறு சிலர், "எல்லாம் பூச்சிமருந்து செய்கிற வேலை" என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். அந்த எண் எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் நல்லது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1981-இல் தேசியப் புற்றுநோய்ப் பதிவுத் திட்டத்தைத் தொடங்கியது. சென்னைக்கான பதிவேட்டை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை வைத்திருக்கிறது. பதிவேட்டு ஊழியர்கள் மருத்துவமனை மருத்துவமனையாகப் போய்ப் புதிய நோயாளிகளைக் குறித்துக்கொள்கிறார்கள். ஒரே ஆள் இரண்டு முறை கணக்கில் ஏறாமல் சரிபார்க்கிறார்கள். ஆனால் நாட்டு மக்களில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கினர் வாழும் பகுதிகளில்தான் இத்தகைய பதிவேடு இருக்கிறது. அங்கே எந்த வயதினருக்கு எந்த அளவில் நோய் வருகிறது என்று பார்த்து, அதை நாடு முழுவதற்கும் பெருக்கி, வரும் ஆண்டுகளுக்கும் நீட்டுகிறார்கள். 2020-இல் வெளிவந்த அறிக்கை அந்த ஆண்டுக்கு 13.9 லட்சம் புதிய நோயாளிகள் என்றும், 2025-இல் 15.7 லட்சம் ஆகும் என்றும் மதிப்பிட்டது.

எண் கூடுகிறது என்பதால், ஒவ்வொருவருக்கும் அபாயம் அதே அளவு கூடிவிட்டது என்று ஆகாது. புற்றுநோய் பெரும்பாலும் வயதானவர்களைத் தேடி வரும் நோய். 2001-இல் அறுபது வயதைத் தாண்டியவர்கள் சுமார் 7.7 கோடி. 2011-இல் அது 10.4 கோடி. அம்மையிலும் காலராவிலும் சாகாமல் நாம் இவ்வளவு காலம் இருப்பதும் அந்த எண்ணுக்குள் அடக்கம்.

கணிப்பு தலையெழுத்தும் அல்ல. 1980-களின் தொடக்கத்தில் சென்னைப் பெண்களிடையே கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்தான் முதலிடத்தில் இருந்தது. அதே கோட்டை அப்படியே நீட்டியிருந்தால் கணக்குப் பொய்த்திருக்கும். அது வெகுவாகக் குறைந்தது. மார்பகப் புற்றுநோய் முந்திக்கொண்டது. புகையிலையை விட்டால் வாய்ப் புற்றுநோய்க்கான கோடும் வளையும்.

இதில் நோவான இடம் இறப்புக் கணக்கு. பிரான்சின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், 2022-இல் இந்தியாவில் புற்றுநோயால் இறந்தவர்கள் ஏறத்தாழ 9.2 லட்சம் என்கிறது. அது ஒவ்வொரு சாவையும் எண்ணி வந்ததல்ல, மதிப்பீடுதான். 2020-இல் நம் நாட்டில் பதிவான இறப்புகளில் மருத்துவர் காரணம் எழுதிச் சான்றளித்தவை ஐந்தில் ஒன்றுக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். மற்றவர்கள் எதனால் போனார்கள் என்பதற்கு ஏட்டில் சரியான பதில் இல்லை.

இதற்கு அரசை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "கேன்சர் என்று எழுத வேண்டாம் டாக்டர், வீட்டில் பெண் இருக்கிறாள்" என்று கெஞ்சுகிற குடும்பங்கள் நம்மிடையே உண்டு. 'வயது மூப்பு', 'இதயம் நின்றுவிட்டது' என்று எழுதி வாங்கிக்கொள்கிறோம். யாருக்குத்தான் கடைசியில் இதயம் நிற்காமல் இருக்கிறது? எந்த மாவட்டத்தில் கதிர்வீச்சு இயந்திரம் வேண்டும், எங்கே வலி குறைக்கும் மருந்து போதவில்லை என்பதை இந்த ஏடுகளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நாம் மறைத்த ஒரு பெயர், அடுத்த வீட்டுக்காரருக்குக் கிடைக்க வேண்டிய படுக்கையைக் குறைக்கிறது.

கடைசி நோயின்போது பார்த்த மருத்துவர் இறப்பின் காரணத்தைக் கட்டணம் வாங்காமல் எழுதித்தர வேண்டும் என்று 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமே சொல்கிறது. என் பிள்ளைகளிடம் நான் சொல்லிவைத்துவிட்டேன்: எனக்கு என்ன வந்து போனேனோ, அதையே எழுதச் சொல்லுங்கள். நீங்களும் உங்கள் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.